நனைந்த சட்டைக்காரன்

மரப்படிகளில் யாரோ தடுமாறி ஓடி வரும் சத்தம் கேட்டது. மேசை விசிறிக்கு நேரே முகத்தை நீட்டிக்கொண்டிருந்த டொலறஸ் நிமிர்ந்தாள்.

2009 ஆகஸ்ட் ஞாயிறு. வெஸ்ட் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மனுக்குத் தேர். ஜன்னலுக்குக் கீழே வீதி முழுவதும் பட்டு வேட்டியும் காவடியும் தவில் சத்தமும்தான். லண்டனுக்குப் பழக்கமில்லாத வெயில் காலையிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தது. உலர்சலவைக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அடுப்பாகக் கொதித்தது.

"அம்மனே படியேறி வர்றாங்க போல மேடம்," என்றான் நரசிம்மன். "ஃபீஸ் சொல்லிடுங்க. அப்புறம் அருள் மட்டும் கொடுத்துட்டுப் போயிடுவாங்க."

டொலறஸ் செபமாலைமுத்து மன்னார்க்காரி. பெனிபிட் என்னும் அரச உதவிப்பண மோசடிகளைத் தோண்டும் கவுன்சில் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, இந்த அறையை வாடகைக்கு எடுத்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியவள். நரசிம்மன் திருச்சியிலிருந்து படிக்க வந்து, படிப்பை முடித்து, வேறு வேலை கிடைக்காமல் அவளிடம் ஒட்டிக்கொண்டவன். வாய் ஓயாது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள்.

முப்பது வயதிருக்கும். சிவப்புக் கூறைச்சேலை. ஒரு காலில் செருப்பில்லை.

"பலகையைப் பார்த்து வந்தனான்," என்றாள். "என்ர பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போட்டாங்கள்."

டொலறஸ் அவளை உட்கார வைக்கப் பார்த்தாள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். பெயர் யோகமலர். பிளேஸ்டோவிலிருந்து காலையில் கணவர் புவனேந்திரனின் வான் வண்டியில் வந்தார்கள். மிதுலனுக்கு நான்கு வயது. அவனைத் தகப்பன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால் இவள் பெண்களோடு பால்குடம் எடுக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது புவனேந்திரன் தலையில் அடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்துக்குள் எவனோ பின்னாலிருந்து பிள்ளையைக் கையிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடிவிட்டானாம். பொலிஸுக்குச் சொல்லியாயிற்று. அவர்கள் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். தொலைகிற பிள்ளைகள் பெரும்பாலும் பின்னேரத்துக்குள் கிடைத்துவிடும் என்று ஆறுதலும் சொன்னார்கள்.

"அவைக்குப் பின்னேரம் வரைக்கும் நேரம் இருக்கு. என்ர பிள்ளைக்கு இல்லை. அவனுக்கு வேர்க்காது."

"கொடுத்து வச்ச பையன்," என்று நரசிம்மன் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தான். டொலறஸ் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"வேர்க்காதெண்டால்?" என்று கேட்டாள் டொலறஸ்.

யோகமலர் ஆஸ்பத்திரியில் கேட்டதை மனப்பாடமாக வைத்திருந்தாள். "வயித்துக்குள்ள பிள்ளை வளரேக்க ஒரு ஜீன் தோலுக்குச் செய்தி அனுப்போணுமாம். இந்த இடத்தில கீழ இறங்கி வேர்வைச் சுரப்பி ஆகு, இந்த இடத்தில மயிர் ஆகு, முரசில பல் ஆகு எண்டு. இவனுக்கு அந்த ஜீனில எழுத்துப் பிழை. செய்தி போகேல்லை. தோல் பார்த்துக்கொண்டு இருந்திட்டு அப்பிடியே மூடிட்டுது. அந்தக் காலம் தப்பினால் பிறகு சுரப்பி முளைக்கவே முளைக்காதாம்."

வெயிலில் மற்றப் பிள்ளைகள் வேர்த்துக் குளிர்வார்கள். மிதுலனின் உடம்பு தண்ணீரில்லாத கார் எஞ்சின்போலச் சூடேறிக்கொண்டே போகும். பிறகு வலிப்பு வரும். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதை அவள் சொல்லவில்லை.

"உங்கட குடும்பத்தில வேறை ஆருக்கும் இப்பிடி இருக்கோ?"

"ஒருத்தருக்கும் இல்லை." கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. "சில நேரம் புதுசாவும் பிழை வருமெண்டு டொக்டர் சொன்னவர்."

டொலறஸ் கைப்பையை எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போது யோகமலர் முன்னே போனாள். அவளுடைய ரவிக்கையின் முதுகு டொலறஸின் கண்ணுக்கு நேரே இருந்தது. வெயிலில் ஓடி அலைந்த எவருக்கும் முதுகு முழுவதும் நனைந்திருக்கும். இவளுக்கு அப்படி இல்லை. தோளிலிருந்து ஒரு கோடு ஈரம், அதன் பக்கத்தில் கோடாக உலர்ந்த துணி, பிறகு மறுபடி ஈரம். மழை பாதியில் நின்ற சுவர் மாதிரி.

 வீதியில் இறங்கியதும் டொலறஸ் கௌசிக்குப் போன் போட்டாள். கௌசி அவளுடைய பள்ளித் தோழி. ஓர் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் வைத்தியர். தவில் சத்தத்துக்கிடையே ஒரு காதைப் பொத்திக்கொண்டு டொலறஸ் கேட்டாள். பதில் சுருக்கமாகவே இருந்தது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோம் என்னும் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு ஒரே ஒரு எக்ஸ். அது தாயிடமிருந்துதான் வரும். தாயிடம் இரண்டு. ஒன்று சரி, ஒன்று பிழை என்றால், தோலில் ஓரிடம் சரியானதைக் கேட்டு வளரும், பக்கத்து இடம் பிழையானதைக் கேட்டு வளரும். ஆகவே அவளுக்குத் திட்டுத்திட்டாகத்தான் வேர்க்கும்.

டொலறஸ் போனை வைத்தாள். அப்படியானால் இது மிதுலனில் புதிதாக வந்த பிழை அல்ல. தாய் வழி வந்தது.

பொலிஸ் நாடா கட்டிய மூலையில் புவனேந்திரன் நின்றார். வேட்டி அழுக்காகியிருந்தது; இரண்டு உள்ளங்கைகளும் உரிந்து சிவந்திருந்தன. ஹவுன்ஸ்லோவில் இருக்கும் சிவானந்தன்தான் இதைச் செய்வித்திருப்பான், முன்பு கூட்டாகக் கடை நடத்திப் பிரிந்த பகை என்று பொலிஸ்காரரிடம் உடைந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கியவனின் முகம் பார்த்தாரா என்று டொலறஸ் கேட்டதற்கு, பின்னாலிருந்து வந்தான், பார்க்கவில்லை என்றார். உயரமா, கட்டையா, அதுவும் தெரியவில்லை. ஒரு பொலிஸ் கார் ஹவுன்ஸ்லோவுக்குப் புறப்பட்டது.

"முகம் தெரியல, உயரம் தெரியல, அட்ரஸ் மட்டும் தெரியுது," என்று நரசிம்மன் முணுமுணுத்தான்.

டொலறஸ் தண்ணீர்ப் பந்தலுக்குப் போனாள். தெருவில் நடப்பதையெல்லாம் பார்க்கிறவர்கள் அங்கே நிற்கிறவர்கள்தான். அன்று தொண்டு செய்துகொண்டிருந்தவள் மயூரா என்ற பல்கலைக்கழக மாணவி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது ஓடினார்களா என்று கேட்டதும் அவள் யோசிக்கவே இல்லை.

"ஓம், ஒரு அங்கிள். தொப்பி போட்டவர். வேர்வையில குளிச்சுப்போய் நிண்டவர். பிள்ளையை ஈரத் துவாயால சுத்தித் தோளில போட்டுக்கொண்டு ஓடினவர். மயங்கின பிள்ளையின்ர அப்பாவாக்கும் எண்டு நினைச்சன்."

அவரை முன்பே கண்டிருந்ததாகவும் சொன்னாள். காலையிலிருந்து அடிக்கடி வந்து தண்ணீர்ப் போத்தல் வாங்கிப் போனாராம். குடிக்கவில்லையாம். அப்படியே தன் சட்டை மேல் ஊற்றிக்கொண்டாராம். குடிக்கிற தண்ணீரை வீணாக்குகிறார் என்று அவள் ஏசியும் இருக்கிறாள்.

"புருவம் இருந்ததோ?"

மயூரா இப்போதுதான் யோசித்தாள். இல்லை என்றாள். அதனால்தான் முகம் ஏதோ மாதிரி இருந்தது போலும்.

"குடிக்கிற தண்ணியைச் சட்டைக்கு ஊத்துறான்," என்றான் நரசிம்மன். "ஒண்ணு லூசு. இல்லேன்னா நம்மளவிட விவரமானவன் மேடம்."

"அது வேர்வை இல்லை நரசிம்மன். வேர்வை செய்யிற வேலையை அவர் தண்ணியைக் கொண்டு செய்விக்கிறார். உடம்பு குடுக்காததை போத்தலில வாங்கிறார்." டொலறஸ் திரும்பி நடந்தாள். "மிதுலனுக்கு இருக்கிற அதே பிழை அவருக்கும் இருக்கு."

யோகமலரை நாடாவிலிருந்து தள்ளி, ஒரு வாசலின் நிழலுக்கு அழைத்துப் போனாள். நயமாகக் கேட்க நேரமில்லை. முதுகைத் தொட்டுக் காட்டினாள்.

"இஞ்ச ஈரம். இஞ்ச காய்ஞ்சிருக்கு. இது உங்களிட்ட இருந்து பிள்ளைக்குப் போனது. உங்கட ஆக்களில ஒரு ஆம்பிளைக்கு வேர்க்காது. அவர் ஆர்?"

யோகமலர் கணவர் நின்ற பக்கம் பார்த்தாள். அவர் கேட்கும் தூரத்தில் இல்லை என்பது நிச்சயமான பிறகும் குரலைத் தாழ்த்தியே சொன்னாள்.

"என்ர அண்ணை."

பெயர் குகதாசன். ஊரில் கோடை வந்தால் தொட்டித் தண்ணீருக்குள் கிடந்தே வளர்ந்தவர். தலையில் நாலு முடி, கூரான சில பற்கள். பிள்ளைகள் கல்லெறிவார்கள். ஜேர்மனியிலிருந்த புவனேந்திரனுக்கு இவளைப் பேசி வந்தபோது, இப்படி ஒரு தமையன் இருப்பது தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று வீட்டில் பயந்தார்கள். எனக்கு அண்ணன் இல்லையென்றே சொல்லுங்கள் என்று குகதாசனே சொன்னார். அப்படியே சொன்னார்கள். மிதுலன் பிறந்த பிறகு ஆஸ்பத்திரியில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். பக்கத்துக் கதிரையில் கணவர் இருந்தார். அன்றும் ஒருவருமில்லை என்றாள். அண்ணன் லண்டனுக்கு வந்துவிட்டதாகப் போன வருடம் யாரோ சொன்னார்கள். எங்கே என்று தேட அவளுக்குத் துணிவு வரவில்லை.

"அண்ணை கோவத்தில தூக்கியிருப்பாரோ?" என்று அவள் கேட்டாள். கேட்கவும் பயந்து, கேட்காமலிருக்கவும் முடியாமல்.

டொலறஸுக்கும் அது தெரியவில்லை. ஆனால் அந்த ஈரத் துவாய் ஒரு விஷயத்தைச் சொன்னது. பிள்ளையைக் கொண்டு ஓடியவன் குளிரவைத்துக்கொண்டே ஓடியிருக்கிறான். துவாய் இந்த வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆகவே தூரம் போக முடியாது. ரயில் ஸ்டேஷன் பக்கமும் போகவில்லை. மயூரா காட்டியது எதிர்த்திசையில், கடைகளுக்குப் பின்னால் இருந்த சந்துப் பக்கத்தை.

"குளிரான இடம் வேணும். கிட்டவா," என்றாள்.

"வருஷம் பூரா குளிரு இந்த ஊர்ல. இன்னிக்குப் பார்த்துத் தேட வேண்டியிருக்கு," என்றான் நரசிம்மன். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தான்.

சந்தில் வரிசையாகப் பின்கதவுகள். எல்லாம் பூட்டியிருந்தன. நரசிம்மன் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே ஒவ்வொரு கதவாகத் தட்டினான். பதில் இல்லை. யோகமலர் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. டொலறஸ் சந்தின் முடிவுக்குப் போய், வெறுங்கையோடு திரும்பினாள். தன் ஊகம் பிழைத்துவிட்டதோ என்று முதல் தடவையாக நினைத்தாள். பிழைத்திருந்தால் மறுபடி தொடங்க நேரம் இல்லை.

அப்போது அவளுடைய செருப்புக்குள் சில்லென்று ஏதோ புகுந்தது.

குனிந்து பார்த்தாள். ஒரு கதவின் அடியிலிருந்து மெல்லிய நீர்க்கோடு சந்தின் நடுவே வழிந்துகொண்டிருந்தது. நரசிம்மன் விரலால் தொட்டு முகர்ந்தான்.

"மீன். ஐஸ் தண்ணி மேடம்."

மீன்கடை. தேர் நாளில் இந்த வீதியில் யாரும் மீன் வாங்கமாட்டார்கள். முன்கதவில் காலையிலேயே பூட்டு விழுந்திருந்தது. பூட்டிய கடையில் யாரோ ஐஸை அள்ளி வெளியே போட்டிருக்கிறார்கள்.

டொலறஸ் தட்டினாள். உள்ளே ஏதோ நகர்ந்து, பிறகு அமைதியாயிற்று. யோகமலர் அவளை விலக்கிவிட்டுக் கதவில் நெற்றியை வைத்தாள்.

"அண்ணை. நான் மலர்."

தாழ்ப்பாள் திறந்தது.

குளிரறையின் கதவை அகலத் திறந்துவைத்து, அதன் வாசலில் ஈரச் சாக்குகள் விரித்து, அவற்றின் மேல் மிதுலனைக் கிடத்தியிருந்தார் குகதாசன். அக்குளிலும் தொடை இடுக்கிலும் துணியில் சுற்றிய ஐஸ். தொப்பியில்லாத தலையில் பூனைமயிர் போலக் கொஞ்சம். சட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெட்டி அட்டையால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டே இருந்தார். கதவைத் திறக்க எழுந்த நேரம் மட்டும்தான் நிறுத்தியிருந்தார்.

"கத்தாதை பிள்ளை," என்றார் தங்கையிடம். "ஒருக்கா வலிப்பு வந்தது. இப்பதான் மூச்சு ஒழுங்கா வருது. நெஞ்சு இன்னும் சுடுது."

நரசிம்மன் அவர் கையிலிருந்த அட்டையை வாங்கித் தானே விசிறத் தொடங்கினான்.  டொலறஸ் அம்புலன்ஸை அழைத்தாள்.

குகதாசன் தடுக்கவில்லை. தானும் இரண்டு தடவை அந்த எண்ணை அழுத்திவிட்டு அழைப்பைத் துண்டித்ததாகச் சொன்னார். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, வேறொருவரின் பெயரில் இந்தக் கடையின் பின்னால் வேலை செய்கிறவர் அவர். குளிரறை வேலை எவருக்கும் பிடிக்காது. அவருக்கு அதுதான் உயிர். அம்புலன்ஸ் வந்தால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் நாடு கடத்தும் விமானம். ஊரில் போர் முடிந்த போன மே மாதத்துக்குப் பிறகு அந்த விமானம் போய் இறங்கும் இடத்தில் அவருக்கு உறவென்று எவரும் மிச்சமில்லை.

டொலறஸ் குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். சிவந்து உலர்ந்த முகம். இமை பாதி திறந்திருந்தது. சட்டையின் முன்பக்கம் முழுவதும் சொக்லேட் குழம்பாக வழிந்து அப்பியிருந்தது. அதில் ஏதோ மினுங்கியது. நகத்தால் எடுத்துப் பார்த்தாள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய, சதுரமான கண்ணாடித் துண்டு. கழுத்தோரம் இன்னொன்று.

"பிள்ளையை ஆரின்ர கையில இருந்து எடுத்தனீங்கள்?"

குகதாசனுக்குக் கேள்வி புரியவில்லை. "கையில இருந்தோ? அங்க ஒருத்தரும் இல்லை. வானுக்குள்ள தனியக் கிடந்தவன். நான் கல்லால கண்ணாடியை உடைச்சனான்."

யோகமலர் மகனின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

அவர் சொன்னார். தேருக்குத் தங்கை வருவாள், தூரத்தில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று காலையிலிருந்து நின்றிருக்கிறார். பிள்ளையைக் கண்டார். தலையைக் கண்டதும் தெரிந்துவிட்டது, தன்னுடையது அவனுக்கும் வந்திருக்கிறது என்று. தகப்பன் அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனார்; தனியே திரும்பி வந்தார். யாரோ உறவுக்காரர் வீட்டில் விட்டிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தார். மனம் கேட்கவில்லை. தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு போனபோது வான் நின்றது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றி மூடப்பட்டிருந்தன.

அம்புலன்ஸின் ஒலி சந்துக்குள் வந்தது. அதன் பின்னால் பொலிஸ். பொலிஸோடு புவனேந்திரன்.

மருத்துவ உதவியாளர்கள் இருவரும் பிள்ளை மீது குனிந்தார்கள். பொலிஸ்காரர் நனைந்த சட்டையைப் பார்த்தார், புருவமில்லாத முகத்தைப் பார்த்தார். புவனேந்திரனிடம் திரும்பி, உங்கள் கையிலிருந்து பிள்ளையைப் பறித்தவர் இவரா என்று கேட்டார்.

புவனேந்திரன் முதல் முறையாகக் குகதாசனின் முகத்தைக் கண்டார். அதிலேயே மகனின் முகமும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஆம் என்று தலையசைத்தார்.

பொலிஸ்காரர் குகதாசனின் தோளில் கை வைத்தார். டொலறஸ் வாயைத் திறந்தாள். அவளுக்கு முன் பெண் உதவியாளர் நிமிர்ந்து எல்லோரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார். இந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது? எங்கே? அதை வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் மூளையையும் சிறுநீரகத்தையும் எப்படிப் பார்ப்பது என்று முடிவெடுப்பார்கள். தெரிந்தவர் உடனே சொல்ல வேண்டும்.

குகதாசன் தெரியாது என்றார். தான் கண்டபோது மயங்கியிருந்தான். அதற்கு முன் எவ்வளவு நேரமென்று தனக்குத் தெரியாது.

யோகமலர் எழுந்தாள். கணவருக்கு மிக அருகில் போய் நின்றாள்.

"இவர் என்ர கூடப்பிறந்த அண்ணை. உங்களுக்கு ஒளிச்சது நான். அதுக்கு என்னைப் பிறகு என்னவும் செய்யுங்கோ. இப்ப அவ கேக்கிறதுக்குச் சொல்லுங்கோ. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

புவனேந்திரன் சாக்கின் மேல் கிடந்த மகனைப் பார்த்தார். ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தேர் வெளிக்கிடேக்க விட்டனான்," என்றார். "நித்திரையா இருந்தவன். ஜேர்மனியில இருந்து எங்கட ஆக்கள் எல்லாரும் வந்திருக்கினம். தலையைப் பார்த்து, பல்லைப் பார்த்து, ஒவ்வொருத்தருக்கும் நான் என்னத்தைச் சொல்ல? கொஞ்ச நேரம்தானே எண்டு நினைச்சன். அவனுக்காகத்தான் வடம் பிடிக்கப் போனனான். அவனுக்குச் சுகமாகோணும் எண்டு." உரிந்த கைகளை விரித்துப் பார்த்தார். "வடத்தை விட்டுட்டு வர மனம் வரேல்லை. தேர் திரும்பி இருப்பிடத்துக்கு வரும் வரைக்கும் இழுத்தனான். வந்து பார்க்கக் கண்ணாடி உடைஞ்சு கிடந்தது, பிள்ளையைக் காணேல்லை."

டொலறஸ் அதைப் பொலிஸ்காரருக்கும் உதவியாளருக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள்.  பொலிஸ்காரர் குகதாசனின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

பிள்ளையை ஏற்றினார்கள். வலிப்பு எப்போது வந்தது, ஐஸ் எப்போது வைத்தது, இதையெல்லாம் வழியில் சொல்ல ஒருவர் வேண்டும் என்றார் உதவியாளர். சந்தின் மறுமுனை திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் எவரும் நிற்கவில்லை. குகதாசன் அதை ஒருமுறை பார்த்ததை டொலறஸ் கண்டாள். பிறகு அவர் அம்புலன்ஸில் ஏறித் தங்கைக்குப் பக்கத்தில் இருந்தார். பொலிஸ்காரர் பெயரைக் கேட்டார். வேலைக்கு வைத்திருந்த பெயரை அவர் சொல்லவில்லை. கந்தையா குகதாசன் என்று சொல்லி, எழுத்தெழுத்தாகவும் சொல்லிக் கொடுத்தார். கதவு மூடிற்று.

புவனேந்திரனை மற்றக் காரில் ஏற்றினார்கள். சந்தில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"பையன் பிழைப்பானா மேடம்?" என்று நரசிம்மன் கேட்டான்.

மூச்சு இருக்கிறது, மிச்சத்தை நாளைக்குத்தான் சொல்வார்கள் என்றாள் டொலறஸ். அவள் ஏற்கனவே போனில் ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். குடிவரவு வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி நிர்மலனின் வீட்டு எண். நீண்ட நேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை எண்டு தெரியும் நிர்மலன். இப்ப வெளிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. ஒருத்தரைக் காப்பாத்தோணும்," என்றாள். மறுபக்கம் ஏதோ கேட்டது. "இல்லை, பிள்ளையை டொக்டர்மார் பார்க்கினம். நான் சொல்லுறது பிள்ளையின்ர மாமனை."